மோட்டார் பெட்டிக்குள் ஒரு மூளை! சாவி யார் கையில்?

"புதுச்சேரியின் நெற்களஞ்சியம்" என்று பாகூருக்குப் பெயர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று அங்கே பட்டம் பார்த்து நடுவார்கள். தென்பெண்ணை ஆற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும். ஏரி நிறைந்தால் ஊர் நிறையும். இது பழைய கதை.

இன்று ஏரியை மட்டும் நம்பி யாரும் இல்லை. வயலுக்கு வயல் ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. பாகூரில் மட்டுமா? வில்லியனூர்ப் பக்கமும் இப்படித்தான். கிணறு என்றால் மோட்டார். மோட்டார் என்றால் அதைப் போடவும் நிறுத்தவும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி.

முன்பெல்லாம் மோட்டார் போட வயலுக்கு நடக்க வேண்டும். நடு இரவில் மின்சாரம் வந்தால், டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்க வேண்டும். பாம்பு இருக்கும், தேள் இருக்கும். இப்போது அந்தக் கஷ்டம் குறைந்துவிட்டது. செல்போனில் ஓடும் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது! வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே போன் போட்டால் வயலில் மோட்டார் ஓடும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் தானாக நிற்கும். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும் நிற்கும். மோட்டார் கருகாமல் தப்பும்.

நல்ல வசதிதான். ஆனால் ஒரு நாள் அந்தப் பெட்டி வேலை செய்யாமல் நின்றுவிட்டால்?

"இதுக்கு மேல என்னால ஆகாது!"

பயிர் பால் பிடிக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கட்டாயம் பாய வேண்டும். பெட்டி பேசவில்லை. விவசாயி அதைக் கழற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறார். மெக்கானிக் திறந்து பார்க்கிறார். ஒயர் சரியாக இருக்கிறது. ரிலேயை மாற்றிப் பார்க்கிறார். அதிலும் கோளாறு இல்லை.

"அண்ணே, சாமான் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உள்ளே இருக்கிற புரோகிராம்தான் கெட்டுப் போச்சு. அது கம்பெனிக்காரன் கிட்டதான் இருக்கு. இதுக்கு மேல என்னால ஆகாது" என்கிறார்.

"கம்பெனிக்காரன் எங்கே தம்பி இருக்கான்?"

"யாருக்குத் தெரியும்? புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மோட்டார் ஸ்டார்ட்டர், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் என்று எதைப் பழுது பார்க்கும் கடையிலும் இந்தப் பேச்சு புதிது அல்ல. பெட்டி நல்ல பெட்டி. ஆனால் குப்பைக்குப் போகிறது! காரணம் என்ன?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெட்டிக்குள்ளே நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது. அதன் பெயர் மைக்ரோகண்ட்ரோலர். அதுதான் பெட்டியின் மூளை. பெரிய கம்ப்யூட்டர் செய்கிற வேலையைச் சின்ன அளவில் செய்யும். வாஷிங் மெஷினிலும் இது உண்டு. மின்சார மீட்டரிலும் உண்டு. குழந்தையின் பொம்மைக் காரிலும் உண்டு.

மூளை இருந்தால் போதுமா? "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று அதற்குச் சொல்லித் தர வேண்டும். அந்தக் கட்டளைகளை எழுதிச் சிப்புக்குள்ளே பதிய வைக்கிறார்கள். மின்சாரம் போனாலும் அவை அழியாது. அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். "தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்து" என்பது அப்படிப்பட்ட ஒரு கட்டளை.

இந்தக் கட்டளைகளை மனிதர் படிக்கிற மாதிரி எழுதுவது மூல நிரல். அதைச் சிப் படிக்கிற மாதிரி மாற்றி உள்ளே ஏற்றுகிறார்கள். ஏற்றிய பிறகு, யாரும் திரும்பப் படிக்காதபடி சிப்பைப் பூட்டிவிட முடியும். இது உவமைக்குச் சொல்லும் பூட்டு அல்ல. பல சிப்புகளில் இதற்கென்றே ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள்!

மூல நிரல் கம்பெனியிடம் இருக்கிறது. சிப்பிலோ பூட்டு. பெட்டி விவசாயியிடம் இருக்கிறது. காசும் அவர் கொடுத்ததுதான். ஆனால் சாவி மட்டும் அவரிடம் இல்லை.

முதலில் எழுந்திருப்பவர்

பெரிய வீட்டில் விடியற்காலையில் ஒருவர் முதலில் எழுந்திருப்பார். வாசல் கதவைத் திறப்பார். "யாராவது வந்திருக்கிறார்களா? தபால் ஏதாவது உண்டா?" என்று பார்ப்பார். பிறகுதான் மற்றவர்களை எழுப்புவார்.

சிப்புக்குள்ளும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் பூட்லோடர். இதுவும் ஒரு சின்ன புரோகிராம்தான். மின்சாரம் வந்ததும் முதலில் எழுவது இதுதான். "புதிய கட்டளை ஏதாவது வருகிறதா?" என்று சிறிது நேரம் காத்திருக்கும். வந்தால் வாங்கி, பழையதை அழித்து, புதியதை எழுதி வைக்கும். வராவிட்டால் பழைய கட்டளையையே ஓடவிடும்.

இந்த வாசல்காரர் திறந்த மனதோடு இருந்தால் பெட்டிக்குப் புது உயிர் கொடுக்கலாம். "கம்பெனி முத்திரை இருந்தால்தான் உள்ளே விடுவேன்" என்று அவர் சொல்லிவிட்டால், வெளியே நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

சரி, மூல நிரலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டால் என்ன? வாசல்காரரின் கதவையும் திறந்து வைத்தால் என்ன? இந்தக் கேள்வி பிறந்தது வயலில் அல்ல, ஒரு பிரிண்டரில்!

காகிதம் சிக்கியது, இயக்கம் பிறந்தது!

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் புரோகிராம் எழுதும் வேலை பார்த்தார். 1980-ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அருமையான யந்திரம். ஆனால் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும்.

பழைய பிரிண்டரிலும் காகிதம் சிக்கும். ஆனால் அதன் மூல நிரல் ஸ்டால்மனிடம் இருந்தது. "காகிதம் சிக்கிவிட்டது, வந்து எடு" என்று அதுவே செய்தி அனுப்பும்படி மாற்றி வைத்திருந்தார். புதிய பிரிண்டரிலும் அப்படிச் செய்யலாம் என்றால், மூல நிரல் தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருந்தது. ஸ்டால்மன் போய்க் கேட்டார். "யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று அவர் மறுத்துவிட்டார்.

ஸ்டால்மனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் வீணாகவில்லை. 1983-ஆம் ஆண்டு அவர் "குனு" என்ற திட்டத்தை அறிவித்தார். எல்லோரும் ஓட்டலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதே அதன் கொள்கை. தமிழில் அதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். 1989-ல் அதற்கு ஓர் உரிமப் பத்திரமும் வெளியானது. "திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால், மூல நிரலையும் சேர்த்துக் கொடு" என்பது அதன் முக்கிய நிபந்தனை.

64 பக்க நோட்டில் ஒரு பக்கம்

இந்தக் கொள்கையைச் சின்னச் சிப்புக்குக் கொண்டு வந்த முயற்சி ஒன்று இத்தாலியில் பிறந்தது. இவ்ரியா என்ற சிறிய ஊரில் ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடம் இருந்தது. மாணவர்கள் பழகுவதற்கு விலை குறைந்த ஒரு சர்க்யூட் அட்டை தேவைப்பட்டது. அங்கே படித்த கொலம்பியா நாட்டு மாணவர் ஹெர்னாண்டோ பராகன் இதற்கு முன்பே ஒரு வழி காட்டியிருந்தார். அதைத் தொடர்ந்து 2005-ல் ஐந்து பேர் கொண்ட குழு ஓர் அட்டையை உருவாக்கியது. அதுதான் ஆர்டுயினோ.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. அந்தக் குழுவினர் கூடிப் பேசிய மதுக்கடைக்கு அந்தப் பெயர். கடைக்கு அந்தப் பெயர் வந்தது, ஆயிரம் ஆண்டுக்கு முன் இத்தாலியை ஆண்ட ஓர் அரசரால்!

ஆர்டுயினோவின் வரைபடம் வெளிப்படை. மூல நிரல் வெளிப்படை. பூட்லோடரும் வெளிப்படை. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம்.

ஆர்டுயினோ ஊனோ என்ற அட்டையில் உள்ள சிப்பின் நினைவு 32,768 பைட். அதன் வாசல்காரரான "ஆப்டிபூட்" பிடித்துக்கொள்ளும் இடம் 512 பைட் மட்டுமே. 64 பக்க நோட்டில் ஒரே ஒரு பக்கம்! மீதி 63 பக்கமும் நம் கட்டளைக்கு. ஒரு விநாடி காத்திருக்கும். புதுக் கட்டளை வராவிட்டால் பழையதை ஓட்டும்.

கற்றுக்கொள்பவருக்கு இதில் பெரிய தைரியம் இருக்கிறது. கட்டளையைத் தப்பாக எழுதினாலும் வாசல்காரருடைய பக்கம் அழியாது. மறுபடியும் திருத்தி ஏற்றலாம். அந்தச் சிப்பில் சுமார் 10,000 தடவை அழித்து எழுதலாம் என்கிறது அதைச் செய்த கம்பெனி. சிலேட்டில் எழுதி அழிப்பது போலத்தான்!

செத்த பெட்டி; பிழைத்த கடிகாரம்

பூட்டினால் என்ன ஆகும், திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உண்மைக் கதைகள் உண்டு. இரண்டும் அமெரிக்காவில் விற்ற சாமான்களைப் பற்றியவை.

முதல் கதை: ரிவால்வ் என்று ஒரு பெட்டி. வீட்டு விளக்கையும் கதவுப் பூட்டையும் செல்போனில் ஆட்டிவைக்கும். விலை சுமார் 300 டாலர். அந்தக் கம்பெனியை 2014-ல் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் ரிவால்வின் சேவையை நிறுத்தியது. மறுநாள் வீட்டில் இருந்த பெட்டி வெறும் பெட்டி! சாமான் கெடவில்லை. வாங்கியவரும் தப்புச் செய்யவில்லை. ஆனாலும் அது செத்தது.

இரண்டாவது கதை: பெப்பிள் என்று ஒரு கைக்கடிகாரம். செல்போன் செய்தியைக் கையில் காட்டும். 20 லட்சத்துக்கு மேல் விற்றது. 2016 கடைசியில் அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது. ஆனால் அதை விரும்பியவர்கள் விடவில்லை. "ரெபிள்" என்ற பெயரில் கூடி, தாங்களே சேவையை நடத்தினார்கள். கடைசியில் பெப்பிளின் உரிமை கூகுளிடம் வந்து சேர்ந்தது. 2025 ஜனவரியில் அதன் மூல நிரலில் பெரும் பகுதியைக் கூகுள் வெளியிட்டது. பெப்பிளைத் தொடங்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி, அதே மூல நிரலைக் கொண்டு மீண்டும் கடிகாரம் செய்யக் கிளம்பினார்!

இரண்டு சாமானிலும் சிப் இருந்தது. இரண்டு கம்பெனியும் போய்விட்டன. ஒன்று குப்பை; ஒன்று மறுபிறவி. வித்தியாசம் எங்கே என்று பாருங்கள். ஒன்றுக்கு வெளியே இருந்தவர்கள் கை கொடுக்க வழி இருந்தது. மற்றதற்கு இல்லை.

சென்னையிலும் திறந்த சிப்!

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம்" என்று நினைக்க வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் "சக்தி" என்ற சிப் திட்டம் நடந்து வருகிறது. அங்கே கட்டளை மட்டும் அல்ல, சிப்பின் வடிவமைப்பே வெளிப்படை! யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். 2018-ல் முதல் சக்தி சிப் வந்தது. 2020-ல் சின்னக் கருவிகளுக்கு ஏற்ற "மௌஷிக்" வந்தது. 2025-ல் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கென்று "ஐரிஸ்" என்ற சிப்பை அறிவித்தார்கள். ஐரிஸ் சிப் தயாரானது சண்டிகரில்; அதன் அட்டையைப் பூட்டியது சென்னையில்.

புதுச்சேரியிலும் "கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம்" என்ற தன்னார்வ அமைப்பு இருக்கிறது. மாணவர்களுக்கு இந்த விஷயங்களை எடுத்துச் சொல்கிறது. பக்கத்தில் விழுப்புரத்திலும் குனு லினக்ஸ் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

யோசித்துப் பார்த்தால், அறிவைப் பொதுவில் வைப்பது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு என்ன சொல்கிறது? பாகூரில் இருந்த கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாக விட்டதைச் சொல்கிறது! 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கடல் அலையின் உயரத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்குச் சொன்னார்கள். தெரிந்ததைப் பூட்டி வைக்காமல் ஊருக்குச் சொன்னதால்தான் அது பயன்பட்டது.

ஆபத்தும் உண்டு

திறந்த ஃபர்ம்வேர் என்றால் எல்லாம் நல்லது என்று அர்த்தம் இல்லை. சில விஷயங்களில் கவனம் வேண்டும்.

மோட்டார் பெட்டியில் மூன்று ஃபேஸ் மின்சாரம் ஓடுகிறது. தெரியாதவர் கை வைத்தால் உயிருக்கு ஆபத்து. இது வீட்டில் செய்து பார்க்கும் விளையாட்டு அல்ல. தப்பான கட்டளை ஏற்றினால் மோட்டார் கருகலாம். சிப்பின் பூட்டை மாற்றும்போது தவறினால் சிப்பே பயனற்றுப் போகலாம். பெட்டியைத் திறந்தால் உத்தரவாதத்தைக் கம்பெனி மறுக்கலாம்.

"கதவு திறந்திருந்தால் திருடன் வர மாட்டானா?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்போனில் ஓடும் பெட்டிக்குக் காவல் வேண்டும்தான். ஆனால் காவலுக்கும் சாவிக்கும் சண்டை இல்லை. வீட்டுக்குப் பூட்டு அவசியம். அதன் சாவி வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. மூல நிரல் வெளியே இருந்தால், அதில் உள்ள ஓட்டையைப் பல பேர் பார்த்துச் சொல்லவும் வழி உண்டு.

வாங்கும்போது கேளுங்கள்!

பழுது பார்க்கும் உரிமை இப்போது சட்டம் பேசும் விஷயமாகிவிட்டது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் விவசாய யந்திரங்களுக்காகவே 2023-ல் ஒரு சட்டம் செய்தது. 2024 முதல் அது நடப்புக்கு வந்தது. டிராக்டரைப் பழுது பார்க்கத் தேவையான மென்பொருளையும் விவசாயிக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது. அது முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் இணையத்தில் தகவல் தளம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

சட்டம் வரும்போது வரட்டும். அதற்குள் வாங்குபவர் சில கேள்விகளைக் கேட்கலாம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பெட்டி வாங்கும்போது இதைக் கேட்கக் கூடாதா?

"இந்தப் பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் கெட்டால் மறுபடி ஏற்ற முடியுமா? பக்கத்து ஊர் மெக்கானிக் ஏற்ற முடியுமா, அல்லது கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டுமா?"

"கம்பெனியின் சேவை நின்று போனாலும் இது ஓடுமா? கையால் போடும் சுவிட்சு இருக்கிறதா?"

"சர்க்யூட் படமும் மூல நிரலும் கிடைக்குமா?"

கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். ஒருவர் கேட்டால் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் கம்பெனியிடம் கேட்பார். நூறு பேர் கேட்டால் கம்பெனியே பதில் சொல்லும்.

இதில் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஆர்டுயினோ போன்ற அட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மத்திய அரசின் அடல் ஆய்வுக்கூடம் உள்ள பள்ளிகளில் 6-ஆம் வகுப்பு முதலே இதைத் தொட்டுப் பார்க்கலாம். பேட்டரியில் ஓடும் சின்ன விளக்கை எரிய வைப்பதில் தொடங்கினால் போதும். மின்சார ஆபத்து இல்லை. தொட்டித் தண்ணீரின் மட்டத்தை அளப்பது அடுத்த படி. ஒயரிங் தெரிந்த மெக்கானிக்கும் புரோகிராம் தெரிந்த பிள்ளையும் ஒரே கடையில் உட்கார்ந்தால், "புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்ற பேச்சு குறையும்.

ஏரிக் கதகின் சாவி வெளியூர்க்காரர் கையில் இருந்தால் எந்த ஊராவது சும்மா இருக்குமா? மோட்டார் பெட்டியும் இன்று ஒரு கதகுதான். வயலுக்குத் தண்ணீர் விடுவதும் நிறுத்துவதும் அதுதான்.